'டூ' என்ற ஆங்கிலச் சொல்லைக் கையாள்வது எப்படி? புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

'டூ யூ லைக் டீ?' உங்களுக்கு டீ பிடிக்குமா என்று கேட்கும் எளிய கேள்வி. ஆனால் பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது 'டூ என்றால் செய்' என்ற ஒரே வரிதான். அந்த வரியை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். டீ பிடிப்பதில் யார் என்ன செய்கிறார்கள்?

நான் தமிழ்வழியில் படித்தவன். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை 'ஐ டிட் நாட் வென்ட்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். விடைத்தாளில் 'வென்ட்' அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில் 'கோ' என்று எழுதி வரும். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. நடந்து முடிந்த ஒன்றுக்கு 'வென்ட்' தானே சரி என்று மனசுக்குள் பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, வேலைக்குப் போகிற இளைஞர்களுக்கு மாலை நேரங்களில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோதுதான், அந்தக் கேள்விக்கான விடை நம் தமிழிலேயே இருப்பதைப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படியுங்கள்.

முதல் படி: ஐந்து வடிவங்களையும் வாயில் பழக்குங்கள்

இந்தச் சொல்லுக்கு ஐந்து வடிவங்கள்: டூ, டஸ், டிட், டன், டூயிங். நான், நாம், நீ, நீங்கள், அவர்கள் என்று வந்தால் டூ. அவன், அவள், அது என்று ஒருவரையோ ஒன்றையோ சொன்னால் டஸ். நடந்து முடிந்ததற்கு, ஆள் யாராக இருந்தாலும், டிட். 'செய்து முடித்த' என்ற பொருளுக்கு டன். செய்துகொண்டிருப்பதற்கு டூயிங்.

எழுத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். டஸ் என்பதை எழுத்துக்கூட்டினால் 'டோஸ்' என்றோ 'டூஸ்' என்றோதான் வாசிக்கத் தோன்றும். சொல்ல வேண்டியது 'டஸ்'. கடைசி ஒலியில் வண்டு ரீங்கரிப்பது போன்ற அதிர்வு இருக்க வேண்டும். அதேபோல 'டன்' என்பது சூரியனைக் குறிக்கும் 'சன்' போல ஒலிக்கும். 'டோன்' இல்லை. ஆனால் டூவும் மறுப்பைக் காட்டும் 'நாட்' என்ற சொல்லும் சேர்ந்தால் 'டோன்ட்'. அங்கே மட்டும் 'டோ' வருகிறது.

இன்னொன்று. தமிழ் எழுத்தில் இரண்டு என்ற எண்ணையும் இந்த வினையையும் 'டூ' என்றே எழுதுகிறோம். ஒலியில் இரண்டும் வேறு. எண்ணைச் சொல்லும்போது 'பாட்டு' என்பதில் வரும் வல்லின ட. வினையைச் சொல்லும்போது 'வண்டி' என்பதில் வரும் மெலிந்த ட. 'டிட்' என்பதில் முதல் ஒலி, கடைசி ஒலி இரண்டுமே வண்டியின் ட தான். பாட்டின் ட-வைப் போட்டுச் சொன்னால் கேட்பவருக்கு வேறு சொல்லாகக் கேட்கும்.

வேகமாகப் பேசுகிறவர்கள் 'டிட் யூ' என்பதை 'டிஜூ' என்றும், 'டோன்ட் யூ' என்பதை 'டோன்ச்சூ' என்றும் சொல்வார்கள். நீங்கள் அப்படிப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. காதில் விழுந்தால் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: எந்த டூ என்று கண்டுபிடியுங்கள்

ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. 'ஐ டூ மை ஹோம்வொர்க்' என்றால் நான் வீட்டுப்பாடம் செய்கிறேன் என்று பொருள். இங்கே டூ-வை எடுத்துவிட்டால் 'நான் என் வீட்டுப்பாடம்' என்று வாக்கியம் நொண்டும். செயலே காணாமல் போய்விடும். இது 'செய்' என்ற பொருளுள்ள டூ.

'டூ யூ லைக் டீ?' என்பதில் டூ-வை எடுத்துப் பாருங்கள். 'யூ லைக் டீ'. பொருள் அப்படியே நிற்கிறது. கேள்வி என்ற அடையாளம் மட்டும்தான் போயிற்று. இது துணைக்கு வந்த டூ. இதற்குத் தனிப் பொருள் கிடையாது. தமிழில் மொழிபெயர்க்கவும் கூடாது.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவதும் உண்டு. 'வாட் டிட் யூ டூ?' நீ என்ன செய்தாய்? இதில் முதலில் வந்த டிட் துணை. கடைசியில் வந்த டூ தான் 'செய்'. 'ஐ டோன்ட் டூ தட்' என்பதும் அப்படித்தான். ஒரே சொல் இரண்டு முறை வந்துவிட்டதே, தப்போ என்று சிலர் தயங்கி ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். விழுங்க வேண்டாம். இரண்டுக்கும் அங்கே வேலை இருக்கிறது.

மூன்றாம் படி: காலத்தை ஒரு முறை மட்டும் காட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

'அவள் போகமாட்டாள்' என்று தமிழில் சொல்கிறோம். இதில் பெண், ஒருமை என்பதை எந்தச் சொல் காட்டுகிறது? 'மாட்டாள்' காட்டுகிறது. 'போக' என்பது எதையும் காட்டவில்லை. நான் போகமாட்டேன், நீ போகமாட்டாய், அவர்கள் போகமாட்டார்கள். ஆள் மாற மாற 'மாட்டு' தான் உருமாறுகிறது. 'போக' அசையாமல் நிற்கிறது. 'அவள் போவாள் மாட்டாள்' என்று இரண்டிலும் விகுதியைப் போட்டால் நம் காதே ஒப்புக்கொள்ளாது.

ஆங்கில டூ செய்வதும் அதே வேலைதான். 'ஷி டஸ் நாட் கோ'. ஒருமையைக் காட்டும் 'ஸ்' ஒலி டூ-வின் மேல் ஏறி அது டஸ் ஆகிவிட்டது. 'கோ' வெறுங்கையோடு நிற்கிறது. எனவே 'ஷி டஸ் நாட் கோஸ்' என்று சொன்னால், 'போவாள் மாட்டாள்' என்று சொன்ன மாதிரி. 'ஐ டிட் நாட் வென்ட்' என்பதிலும் தவறு அதுவே. நடந்து முடிந்தது என்ற செய்தியை டிட் சுமந்துவிட்டது. மறுபடியும் அதை 'வென்ட்' சுமக்க வேண்டியதில்லை. 'போகவில்லை' என்று சொல்லும்போதும் நாம் 'போக' என்பதை மொட்டையாகத்தானே விடுகிறோம்? 'போனேன் இல்லை' என்று யாரும் இன்று பேசுவதில்லை. அந்தப் 'போக' தான் ஆங்கிலத்தின் 'கோ'.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் நமக்கு உதவாது. 'போகவில்லை' என்பது நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். 'நேற்றுப் போகவில்லை', 'இப்போதெல்லாம் போகவில்லை'. ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும் முன்பே எந்தக் காலம் என்று முடிவு செய்துவிட வேண்டும். நேற்று என்றால் டிடன்ட் (டிட் நாட்), வழக்கமாக இல்லை என்றால் டோன்ட் அல்லது டஸன்ட் (டஸ் நாட்).

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 'மழை பெய்தது' என்கிறோம். யாராவது 'இல்லை, பெய்யவே இல்லை' என்று மறுத்தால் என்ன சொல்வோம்? 'மழை பெய்யத்தான் செய்தது' என்போம். இங்கே 'செய்தது' எதற்கு வந்தது? மழை எதையும் செய்யவில்லை. 'பெய்ய' என்பதை 'தான்' போட்டு அழுத்திவிட்டதால், காலத்தைத் தாங்க ஒரு சொல் தேவைப்பட்டது. தமிழ் அதற்குத் தேர்ந்தெடுத்த சொல் 'செய்'. ஆங்கிலத்தில் இதற்கு 'இட் டிட் ரெயின்'. இரண்டு மொழிகளும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமலே, 'செய்' என்று பொருள்படும் சொல்லையே காலத்தைச் சுமக்க வைத்திருக்கின்றன. 'அவன் கேட்கவும் செய்தான், எழுதவும் செய்தான்', 'விலை ஏறத்தான் செய்யும்' என்றெல்லாம் நாம் அன்றாடம் பேசுகிறோம். பொருளில்லாத துணை டூ-வைக் கண்டு நாம் மிரள வேண்டியதே இல்லை. அது நம் வீட்டிலும் இருக்கிறது.

ஆகவே, நீங்கள் சொன்னதை ஒருவர் நம்பாதபோது இதைப் பயன்படுத்துங்கள். 'ஐ டோல்ட் ஹிம்' என்றால் அவனிடம் சொன்னேன். 'ஐ டிட் டெல் ஹிம்' என்றால் சொன்னேனே, சொல்லத்தான் செய்தேன். டிட் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். யாரும் மறுக்காத நேரத்தில் இப்படிப் பேசினால் சண்டைக்கு வருவது போல இருக்கும். 'எஸ்டர்டே ஐ டிட் கோ டு த மார்க்கெட்' என்று சாதாரணமாகச் சொல்வதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆங்கிலேயர்களும் எல்லாக் காலத்திலும் டூ போட்டுப் பேசியவர்கள் இல்லை. சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'ஐ கோ நாட்' என்பது போலத்தான் மறுப்பைச் சொன்னார்கள். வினைக்குப் பின்னால் நேராக 'நாட்'. ஏறத்தாழ 1500-க்கும் 1700-க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் கேள்வியிலும் மறுப்பிலும் டூ பரவி நிலைத்தது. பழைய வழக்கின் எச்சம் ஒரு பூவின் பெயரில் இன்னும் இருக்கிறது. நீலநிறச் சிறுபூ ஒன்றுக்கு 'ஃபர்கெட்-மீ-நாட்' என்று பெயர். 'என்னை மறவாதே' என்று பொருள். இன்றைக்குப் பெயர் வைத்திருந்தால் 'டோன்ட் ஃபர்கெட் மீ' என்றுதான் இருந்திருக்கும்.

நான்காம் படி: கேள்வி கேட்கப் பழகுங்கள்

தமிழில் கேள்விக்குக் கடைசியில் ஓர் 'ஆ' போதும். வந்தான், வந்தானா. ஆங்கிலத்தில் அந்த 'ஆ' வாக்கியத்தின் முன்னால் போய் டூ-வாகவோ டஸ்ஸாகவோ டிட்டாகவோ உட்காருகிறது. 'ஹி லிவ்ஸ் இன் மதுரை' என்பதைக் கேள்வியாக்கினால் 'டஸ் ஹி லிவ் இன் மதுரை?' லிவ்ஸில் இருந்த 'ஸ்' டூ-வுக்குப் போய்விட்டது, பார்த்தீர்களா? ஒரே ஒரு 'ஸ்' தான் இருக்கிறது, அது ஒரே இடத்தில்தான் இருக்க முடியும்.

எங்கே, எப்போது, ஏன் என்ற சொற்கள் வந்தால் அவை இன்னும் முன்னால் போகும். 'வேர் டஸ் ஹி லிவ்?' நம்மவர்கள் பலர் 'வேர் ஹி லிவ்ஸ்?' என்று கேட்கிறார்கள். 'அவன் எங்கே இருக்கிறான்' என்ற தமிழ் வரிசை அதற்குக் காரணம். புரியாமல் போகாது. ஆனாலும் டஸ் இல்லாத அந்த இடம் ஆங்கிலக் காதுக்கு ஓட்டையாகவே தெரியும்.

டூ வரக் கூடாத இடங்களும் உண்டு. இஸ், ஆம், ஆர், வாஸ், கேன், வில், மஸ்ட் போன்ற ஆங்கிலச் சொற்கள் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். 'டூ யூ கேன் ட்ரைவ்?' தவறு. 'கேன் யூ ட்ரைவ்?' சரி. 'டூ யூ ஆர் டயர்ட்?' தவறு. 'ஆர் யூ டயர்ட்?' சரி. இதற்கு ஒரு விலக்கு, கட்டளையும் அறிவுரையும். 'டோன்ட் பி லேட்' என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். தாமதிக்காதே என்பதற்கு வேறு வழி இல்லை.

அப்புறம், 'யார்' என்ற கேள்வி. 'ஹூ டோல்ட் யூ?' என்றால் உன்னிடம் யார் சொன்னது? 'ஹூ டிட் யூ டெல்?' என்றால் நீ யாரிடம் சொன்னாய்? முதல் கேள்வியில் 'யார்' என்பவரே செயலைச் செய்தவர். அதனால் டிட் வரவில்லை. இரண்டாவதில் செய்தவர் 'நீ'. அதனால் டிட் வந்தது. தமிழில் 'யார்', 'யாரிடம்' என்று வேற்றுமை உருபு பிரித்துக் காட்டுவதை ஆங்கிலத்தில் இந்தச் சின்ன டிட் பிரித்துக் காட்டுகிறது.

விருந்தினரை உபசரிக்கவும் டூ உதவும். 'சிட் டவுன்' என்றால் உட்காருங்கள். 'டூ சிட் டவுன்' என்றால் உட்காருங்களேன். நம்முடைய அந்த 'ஏன்' விகுதியில் இருக்கும் குழைவு இதில் இருக்கிறது. கொஞ்சம் பழைய பாணி, ஆனால் மரியாதையான பாணி.

ஐந்தாம் படி: பதில் சொல்லும்போது ஆமாம், இல்லை கவனம்

'காபி குடிப்பீங்களா?' என்றால் நாம் 'குடிப்பேன்' என்று வினையையே திருப்பிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் வினையைத் திருப்பிச் சொல்வதற்குப் பதில் டூ-வை மட்டும் சொன்னால் போதும். 'டூ யூ ட்ரிங்க் காஃபி?' என்றால் 'எஸ், ஐ டூ' அல்லது 'நோ, ஐ டோன்ட்'. 'டிட் ஷி கால்?' என்றால் 'எஸ், ஷி டிட்'. எதில் கேட்கிறார்களோ அதிலேயே பதில். பக்கத்தில் இருப்பவர் 'ஐ லைக் இட்' என்றால் 'நானும்தான்' என்பதற்கு 'ஸோ டூ ஐ'. அவர் 'ஐ டோன்ட் லைக் இட்' என்றால் 'எனக்கும்தான் பிடிக்காது' என்பதற்கு 'நைதர் டூ ஐ'.

இதுவரை எளிது. சிக்கல் வருவது கேள்வியே மறுப்பாக இருக்கும்போது. 'உங்களுக்குக் காபி பிடிக்காதா?' என்று ஒருவர் கேட்டால், பிடிக்காதவர் தமிழில் 'ஆமாம், பிடிக்காது' என்கிறார். நீங்கள் சொன்னது சரி என்ற பொருளில் அந்த 'ஆமாம்' வருகிறது. ஆங்கிலத்தில் கேட்டவர் சொன்னது சரியா தவறா என்பதல்ல கணக்கு. உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதுதான் கணக்கு. பிடிக்காது என்றால் பதில் 'நோ' தான். 'டோன்ட் யூ லைக் காஃபி?' 'நோ, ஐ டோன்ட்.'

காபியில் தவறினால் ஒன்றும் ஆகாது. ஆனால் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் செவிலியர் 'யூ டோன்ட் ஹேவ் எனி அலர்ஜிஸ்?' என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை எதுவும் இல்லையே என்கிறார். நம்மவர் தமிழில் யோசித்து 'எஸ்' என்கிறார், 'ஆமாம், இல்லை' என்ற பொருளில். கேட்டவருக்கு, ஒவ்வாமை உண்டு என்று விழலாம். அல்லது எந்தப் பொருளில் சொன்னார் என்றே தெரியாமல் போகலாம். ஆகவே என் மாணவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று: எஸ், நோ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பின்னாலேயே 'ஐ டூ' அல்லது 'ஐ டோன்ட்' சேருங்கள். 'நோ, ஐ டோன்ட்' என்று முடித்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. மருந்து, பணம், விசா சம்பந்தப்பட்ட இடங்களில் இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம். 'அவன் வரமாட்டான்னு நினைக்கிறேன்' என்பதை நாம் 'ஐ திங்க் ஹி வில் நாட் கம்' என்று சொல்லிவிடுகிறோம். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஆங்கிலேயர்கள் மறுப்பை முன்னாலேயே போட்டுவிடுவார்கள்: 'ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்.' இதைப் பழகினால் பேச்சு உடனே இயல்பாகும்.

ஆறாம் படி: 'பண்ணு' எங்கெல்லாம் டூ ஆகாது

தமிழின் 'பண்ணு' போல உழைக்கும் சொல் வேறு இல்லை. போன் பண்ணு, ஹெல்ப் பண்ணு, வெயிட் பண்ணு, கல்யாணம் பண்ணு, தோசை பண்ணு, தப்பு பண்ணு. எந்த ஆங்கிலச் சொல்லையும் பண்ணு-வோடு சேர்த்துத் தமிழாக்கிவிடலாம். இது நம் மொழியின் பலம். ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது அந்தப் பண்ணு-வையும் தூக்கிக்கொண்டு போவதுதான் பிரச்சினை.

முதல் வகை: பண்ணு-வுக்கு முன்னால் இருப்பதே வினையாக இருந்தால் பண்ணு-வைக் கழற்றிவிடுங்கள். 'ஹெல்ப் பண்ணு' என்பது 'ஹெல்ப் மீ'. 'வெயிட் பண்ணு' என்பது 'வெயிட்'. 'டூ வெயிட்டிங்' என்றெல்லாம் வேண்டாம். கல்யாணத்துக்கு 'டிட் மேரேஜ்' என்று சொல்லாமல் 'காட் மேரீட்' என்று சொல்லுங்கள்.

இரண்டாம் வகை: டூ-வா மேக்-கா என்ற கேள்வி. தமிழில் செய், பண்ணு இரண்டும் இந்த இரண்டு வேலைகளையும் பார்க்கின்றன. தச்சர் நாற்காலி செய்கிறார், பையன் வீட்டுப்பாடம் செய்கிறான். ஆங்கிலத்தில் நாற்காலிக்கு மேக், வீட்டுப்பாடத்துக்கு டூ. நான் சொல்லித்தரும் சோதனை இது: முன்பு இல்லாத ஒன்று இப்போது உண்டாகிறதா? 'உண்டாக்கு' அல்லது சோறு 'ஆக்கு' என்று சொல்வது பொருந்துமா? பொருந்தினால் மேக். தோசை, டீ, சத்தம், பணம், திட்டம் எல்லாம் மேக். 'ஐ மேட் தோசை', 'டோன்ட் மேக் நாய்ஸ்'. ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையை முடிக்கிறீர்கள் என்றால் டூ. பாத்திரம் கழுவுவது 'டூ த டிஷஸ்', துணி துவைப்பது 'டூ த லாண்ட்ரி', கடைக்குப் போய் வருவது 'டூ த ஷாப்பிங்'. உடற்பயிற்சி, வியாபாரம் ஆகியவற்றுக்கும் டூ.

சோதனை பத்துக்கு எட்டு இடத்தில் கைகொடுக்கும், மற்ற இடங்களில் கைவிடும். படுக்கையைச் சரிசெய்வது 'மேக் த பெட்', அங்கே கட்டில் எதுவும் உண்டாகவில்லை. ஒருவருக்கு உதவி செய்வது 'டூ எ ஃபேவர்'. மேக் போட்டால் தவறு. தப்பு பண்ணுவது 'மேக் எ மிஸ்டேக்', முடிவெடுப்பது 'மேக் எ டிசிஷன்', வாக்குக் கொடுப்பது 'மேக் எ ப்ராமிஸ்', போன் பண்ணுவது 'மேக் எ கால்'. கெடுதல் செய்வதற்கு 'டூ ஹார்ம்', முடிந்தவரை முயல்வதற்கு 'டூ யுவர் பெஸ்ட்'. இவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காமல் இரண்டு சொல்லையும் ஒட்டியே மனப்பாடம் செய்துவிடுங்கள். குழந்தைகள் அப்படித்தான் கற்கிறார்கள்.

ஏழாம் படி: பொருளே மாறிப்போகும் சில தொடர்கள்

'வாட் டூ யூ டூ?' என்று அறிமுகமில்லாதவர் கேட்டால், இப்போது கையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. உங்கள் தொழில் என்ன என்று கேட்கிறார். தமிழில் 'என்ன பண்றீங்க?' இரண்டுக்கும் வரும் என்பதால் குழம்பிவிடுகிறோம். 'ஐ வொர்க் இன் எ பேங்க்' என்பதுபோலப் பதில் சொல்லுங்கள். இந்த நிமிஷத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதற்கு 'வாட் ஆர் யூ டூயிங்?' 'ஹவ் ஆர் யூ டூயிங்?' என்பது நலம் விசாரிப்பு. 'ஃபைன், தேங்க் யூ' போதும். 'வாட் ஹேவ் யூ டன்?' என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. சொல்லும் தொனியைப் பொறுத்து 'என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே' என்ற கோபம் அதில் ஏறிவிடும்.

'தட் வில் டூ' என்றால் அது போதும். 'திஸ் வோன்ட் டூ' என்றால் இது சரிப்படாது. 'டூ விதவுட்' என்பது ஒன்று இல்லாமல் சமாளிப்பது. 'ஐ குட் டூ வித் எ டீ' என்பது ஒரு டீ கிடைத்தால் நன்றாக இருக்கும் என்ற பொருளில் வரும். 'இட் ஹேஸ் நத்திங் டு டூ வித் மீ' என்றால் எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதை 'வரக் கூடாது' என்று புரிந்துகொண்டு மனம் வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது 'வரவேண்டிய கட்டாயம் இல்லை' என்ற சலுகை. விருப்பமிருந்தால் தாராளமாக வரலாம். வரக் கூடாது என்பதற்கு 'யூ மஸ்ட் நாட் கம்'.

'டன்' என்பதற்கும் பல முகம். 'ஐ ஆம் டன்' என்றால் முடித்துவிட்டேன். பேரம் படிந்ததும் 'டன்!' என்றால் சரி, முடிந்தது. 'வெல் டன்' என்றால் சபாஷ். ஆனால் உணவகத்தில் இறைச்சியைப் பற்றிக் கேட்கும்போது 'வெல் டன்' என்றால் நன்றாக வெந்தது. பாராட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கடிதம், மின்னஞ்சல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் அலுவலகக் கடிதங்கள் பலவும் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடிகின்றன. நம் மனுக்களின் 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்பதன் ஆங்கில உருவம் என்றே இதைச் சொல்லலாம். பிரிட்டிஷ் காலத்து அலுவலக நடையில் வந்து இங்கே தங்கிவிட்டது. இந்தியாவுக்குள் தடையில்லாமல் புரியும். வெளிநாட்டில் இருப்பவருக்கு எழுதும்போது அந்த 'ஆவன' எது என்று அவருக்கு விளங்காது. 'ப்ளீஸ் சென்ட் மீ த சர்ட்டிஃபிகேட் பை ஃப்ரைடே' என்று என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பதை எழுதிவிடுங்கள். வேலையும் சீக்கிரம் நடக்கும். அதேபோல 'டூ ஒன் திங்' என்பது நம் 'ஒண்ணு பண்ணுங்க' என்பதன் நேர் பெயர்ப்பு. உள்ளூரில் பேச எந்தத் தடையும் இல்லை. வெளியாரிடம் 'ஒய் டோன்ட் யூ டேக் த பஸ்?' என்று சொல்லுங்கள். இது ஏன் என்று காரணம் கேட்கும் கேள்வி அல்ல, பஸ்ஸில் போகலாமே என்ற யோசனை.

எட்டாம் படி: இன்றைக்கே பழகிப் பாருங்கள்

கீழே உள்ள ஆறு தமிழ் வாக்கியங்களை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு விடையைப் பாருங்கள்.

அவள் நேற்று ஆபீசுக்கு வரவில்லை. உங்கள் அண்ணன் எங்கே வேலை பார்க்கிறார்? நான் கதவைப் பூட்டத்தான் செய்தேன். கதவைத் திறந்தது யார்? அவர் ஒரு தப்பு பண்ணிட்டார். அரை ஸ்பூன் சர்க்கரை போதும்.

விடைகள்: 'ஷி டிடன்ட் கம் டு த ஆபீஸ் எஸ்டர்டே.' இதில் 'கேம்' என்று சொல்லியிருந்தால் மூன்றாம் படியை இன்னொரு முறை படியுங்கள். 'வேர் டஸ் யுவர் பிரதர் வொர்க்?' வொர்க்கில் 'ஸ்' இருக்கக் கூடாது. 'ஐ டிட் லாக் த டோர்.' டிட்டை அழுத்திச் சொன்னீர்களா? 'ஹூ ஓபன்ட் த டோர்?' இங்கே டிட் வராது, திறந்தவரே 'யார்'. 'ஹி மேட் எ மிஸ்டேக்.' கடைசி வாக்கியத்துக்கு 'ஹாஃப் எ ஸ்பூன் வில் டூ.' இதைப் பெரும்பாலோர் 'ஹாஃப் ஸ்பூன் இனஃப்' என்பார்கள். அடுத்த முறை யாராவது உங்களுக்கு டீ கலக்கும்போது இந்த வாக்கியத்தை அப்படியே சொல்லிப் பாருங்கள்.